குளம் உடைவதற்கு முன்: பழைய நாகரிகங்களின் வீழ்ச்சியும் நமது வியாபாரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சிறு வியாபாரங்களுக்குக் கணக்குப் பார்த்து வருகிறேன். பலசரக்குக் கடை, நகைக்கடை, தூள் அரைக்கும் ஆலை, நண்டு ஏற்றுமதி என்று பலவகைக் கொப்பிகள் என் மேசைக்கு வருகின்றன. அவற்றைப் புரட்டும்போது இலங்கையின் பழைய தலைநகர் பொலன்னறுவையும், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் சிரியக் கரையில் அழிந்துபோன உகாரித் துறைமுகமும் அடிக்கடி நினைவுக்கு வரும். அதை முதலாளிமாரிடம் சொல்லத் தொடங்கிய பிறகு, அவர்கள் பல கேள்விகளைக் கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கான பதில்கள் இவை.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அரசுக்கும் என் கடைக்கும் என்ன தொடர்பு?

அளவில் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு கடை மூடினால் நாலு குடும்பம் கஷ்டப்படும். ஒரு நாகரிகம் விழுந்தால் ஊர்கள் காடாகும். ஆனால் இரண்டுக்கும் வரவு உண்டு, கடமை உண்டு, பழுதுபார்க்க வேண்டிய பொருள் உண்டு, வேலை தெரிந்த ஆட்கள் உண்டு. இந்த நான்கும் எந்த ஒழுங்கில் தளர்ந்தன என்பதைப் பழைய அரசுகளில் முழுமையாகப் பார்க்கலாம், ஏனென்றால் கதை முடிந்துவிட்டது. நம்முடைய கொப்பியில் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது.

நான் படித்ததிலிருந்து உறுதியாக நம்புவது ஒன்றுதான். கடைசியாக வந்த அடியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வறட்சியும் படையெடுப்பும் அதற்கு முன்பும் வந்தன, அப்போதெல்லாம் தாங்கினார்கள். தாங்க முடியாமல் போன தடவை, நல்ல காலத்திலேயே குளக்கட்டில் வேலை நின்றுபோயிருந்தது.

நமக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் எது?

பொலன்னறுவை. முதலாம் பராக்கிரமபாகு 1153 முதல் 1186 வரை ஆண்டான். வானத்திலிருந்து விழும் ஒரு துளி நீரும் மனிதருக்குப் பயன்படாமல் கடலைச் சேரக் கூடாது என்று அவன் சொன்னதாக வரலாற்று நூல் கூறுகிறது. பராக்கிரம சமுத்திரம் இன்றும் கண்முன்னே கிடக்கிறது. அதே மன்னன் பர்மாவுக்கும் பாண்டி நாட்டுக்கும் படை அனுப்பினான். அவனுக்குப் பின் வந்த நிசங்கமல்லன், முன்னைய ஆட்சியின் கடும் வரியால் மக்கள் நொந்துபோனார்கள் என்றும் தான் வரியைத் தள்ளுபடி செய்ததாகவும் கல்லிலேயே வெட்டிவைத்தான். புதிய மன்னன் தன்னைப் புகழ வெட்டிய கல் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படித்தாலும், மிகப் பெரிய வளர்ச்சிக்கு அடுத்த பக்கத்தில் களைத்துப்போன மக்களைப் பார்க்கிறோம்.

1215 இல் கலிங்க மாகன் படையெடுத்து வந்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவன் ஆட்சி நடந்தது. நீர்ப்பாசனத்தை நடத்திய அதிகாரக் குடும்பங்கள் சிதறின. இங்கேதான் நான் எப்போதும் நின்று யோசிப்பேன். ஒரு பெரிய குளத்தைப் பாழாக்க எவனும் வெடி வைக்க வேண்டியதில்லை. கட்டில் முளைத்த மரக்கன்றை ஓர் ஆண்டு பிடுங்காமல் விட்டால் வேர் இறங்கும். கறையான் புற்று வைக்கும். வாய்க்காலில் வண்டல் தங்கும். நீர் திறக்கும் மதகான துருசு இறுகிப்போகும். மாரியில் வெள்ளம் வரும்போது கட்டு வேரடியில் கசியத் தொடங்கும். பல மைல் தூரத்துக் குளங்களும் கால்வாய்களும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்ததால், மேலே ஒன்று உடைந்தால் கீழே பத்து வற்றின. கைவிடப்பட்ட நீர்நிலைகளில் நுளம்பு பெருகி மலேரியா பரவியதும் மக்கள் திரும்பி வராததற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஆனால் ஊரார் தாங்களே மண் வெட்டிக் கட்டிய சிறு குளங்கள் பல பிழைத்தன. அவற்றைத் திருத்த அரசனின் உத்தரவு தேவைப்படவில்லை.

நண்டு வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் ஒருவரின் கணக்கை நான் பார்த்தேன். குளிரறையின் கம்பிரசரைப் பழுதுபார்க்கும் செலவு மூன்று ஆண்டுகளாக ‘அடுத்த மாதம்’ என்று தள்ளிக்கொண்டே வந்தது. அதே மூன்று ஆண்டுகளில் இரண்டாவது கிளை திறந்தார், லீசிங்கில் லொறி எடுத்தார். இலாபம் நன்றாகத்தான் தெரிந்தது. பராமரிப்பைச் செய்யாதவன் கொப்பியில் இலாபம் எப்போதும் கொஞ்சம் கூடவே தெரியும். ஒரு பண்டிகை வாரத்தில் கம்பிரசர் நின்றது. விடியற்காலை நான் போனபோது நண்டுப் பெட்டிகளிலிருந்து வடிந்த நீர் படலையடி வரை ஓடியிருந்தது. அந்த மணம் இன்னும் மறக்கவில்லை. அந்த ஒரு இரவுக்குப் பிறகு கிளையையும் லொறியையும் விற்றுத்தான் அவர் மீண்டார்.

எங்களுடையது குடும்ப வியாபாரம். பிள்ளைகளுக்கு எப்போது கைமாற்ற வேண்டும்?

நீங்கள் பலமாக இருக்கும்போதே, எழுத்தில். மீண்டும் பொலன்னறுவைக்குப் போவோம். நிசங்கமல்லன் 1196 இல் இறந்தான். மாகன் வந்த 1215 வரை பத்தொன்பது ஆண்டுகளில் சிம்மாசனம் பத்துத் தடவைக்கு மேல் கைமாறியது. பராக்கிரமபாகுவின் அரசி லீலாவதி மட்டும் மூன்று தடவை அரியணை ஏற்றப்பட்டு இறக்கப்பட்டாள். ஒவ்வொரு தடவையும் பின்னால் ஒரு தளபதி இருந்தான். இத்தனை கைமாற்றத்துக்கு நடுவில் எந்தத் துருசைத் திருத்த யார் உத்தரவிட்டிருப்பார்கள்?

நம்முடைய நல்லூர் அரசின் முடிவும் இப்படித்தான். எதிர்மன்னசிங்கம் 1617 இல் இறந்தபோது வாரிசு சிறுபிள்ளை. இரண்டாம் சங்கிலி அதிகாரத்தைக் கைப்பற்றினான். 1619 இல் போர்த்துக்கேயர் வந்து அரசையே முடித்துவைத்தார்கள். போர்த்துக்கேயரின் பலம் உண்மைதான். ஆனால் வாசல் உள்ளிருந்து திறந்து கிடந்தது.

அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது வங்கிக் கையொப்பம் யாருடையது என்று அண்ணனும் தம்பியும் சண்டை பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். இருவரும் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

ஒரே பெரிய வாங்குநர் எல்லாவற்றையும் எடுக்கிறார். பணமும் நேரத்துக்கு வருகிறது. இதில் என்ன பிழை?

பணம் நேரத்துக்கு வருவதுதான் ஆபத்தை மறைக்கிறது.

கி.மு. 1200 அளவில் கிழக்கு மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த அரசுகள் வெண்கலத்தில் வாழ்ந்தன. வெண்கலத்துக்குச் செம்பு வேண்டும், தகரம் வேண்டும். செம்பு சைப்பிரசிலிருந்து வந்தது, தகரமோ வெகுதூரத்திலிருந்து. துருக்கிக் கரையோரம் உலுபுருன் என்ற இடத்தில் மூழ்கிய ஒரு கப்பலை 1982 இல் ஒரு கடற்பஞ்சு சுழியோடி கண்டார். அதில் ஏறத்தாழ பத்துத் தொன் செம்பும் ஒரு தொன் தகரமும் இருந்தன. வெண்கலம் வார்க்கும் கணக்கும் ஏறத்தாழ அதே பத்துக்கு ஒன்றுதான். அந்த ஒரு தொன் வராவிட்டால் பத்துத் தொன் செம்பை வைத்து எத்தனை வாள் வார்க்க முடியும்? கடல்வழிகள் குலைந்தபோது இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் அரசு மறைந்தது, கிரேக்க நிலத்தில் மைசீனியின் அரண்மனைகள் எரிந்தன, உகாரித் துறைமுகம் திரும்பக் கட்டப்படவே இல்லை. எகிப்து மட்டும் காயத்தோடு தப்பியது.

நமக்குப் புகையிலையே சாட்சி. ஒல்லாந்தர் காலத்திலிருந்து யாழ்ப்பாணப் புகையிலையின் பெரும் சந்தை திருவிதாங்கூர். அங்கே புகையிலை அரசின் ஏகபோகமாக இருந்த காலத்தில், எவ்வளவு வாங்குவது, என்ன விலை என்பதை அந்த அரசே தீர்மானித்தது. தோட்டத்தில் இராப்பகலாகத் துலா மிதித்தவனுக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

பெரிய வாங்குநரை விடச் சொல்லவில்லை. அவர் நாளைக்கு வாங்காவிட்டால் எத்தனை மாதம் சம்பளம் கொடுக்க முடியும் என்று எழுதிப் பாருங்கள். விடை மூன்றுக்குக் கீழே என்றால், அடுத்த வாங்குநரைத் தேடுவதுதான் இந்த ஆண்டின் முதல் வேலை.

சரக்கின் தரத்தைக் கொஞ்சம் குறைத்தால்தான் விலையைத் தாங்க முடிகிறது. வேறு வழி?

விலையைக் கூட்டுங்கள். சொல்லிவிட்டுக் கூட்டுங்கள்.

உரோமப் பேரரசில் அகஸ்டஸ் காலத்து டெனாரியஸ் நாணயம் ஏறக்குறைய முழு வெள்ளி. கி.பி. 64 இல் நீரோ எடையையும் வெள்ளியையும் சற்றுக் குறைத்தான். யாரும் பெரிதாகக் கத்தவில்லை. அடுத்தவனும் குறைத்தான். மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியபோது, டெனாரியஸின் இடத்தைப் பிடித்திருந்த நாணயத்தில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போய்விட்டது. மேலே பூசிய வெண்மை மட்டும் மிச்சம். விலைகள் தாறுமாறாக ஏறின. 301 இல் டயோக்கிளீசியன் நூற்றுக்கணக்கான பொருட்களுக்கு உச்ச விலை விதித்துக் கட்டளை போட்டான். அதைச் சந்தை மதிக்கவில்லை. உரோம நாணயங்கள் நம் கந்தரோடையிலும் கிடைத்திருக்கின்றன. இத்தனை தூரம் வந்த நாணயம் நம்பிக்கையில்தான் வந்தது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆலை யாழ்ப்பாணத்துச் சரக்குத்தூள் அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியது. தொடக்கத்தில் மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் தனித்தனியாக வறுபடும் மணம் சந்தி வரை வரும். 2022 இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபது வரை ஓடியது. மல்லியைக் குறைத்தார்கள். பிறகு வறுக்கும் நேரத்தைக் குறைத்தார்கள், எரிவாயு மிச்சம் என்று. நிறத்துக்கு வேறு மிளகாய் சேர்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் குறைந்தது சிறிதளவுதான். ரொறன்ரோவில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு அந்தச் சிறிதளவு எல்லாம் கூட்டித் தெரிந்துவிடும். அவர் கடிதம் எழுதி முறையிட மாட்டார், அடுத்த தடவை வேறு பக்கெட்டை எடுப்பார். அந்த ஆலை விலையை இருமடங்காக்கியிருந்தால்கூடப் பாதிப் பேர் தங்கியிருப்பார்கள் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

கணக்கு, விபரம் எல்லாம் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். அவர் நல்ல மனிதர். பயப்பட வேண்டுமா?

அவர் நல்லவரா என்பது வேறு கேள்வி. மைசீனி அரண்மனைகளில் ஆடு, எண்ணெய், கம்பளி எல்லாம் களிமண் தகட்டில் கணக்கு வைத்தார்கள். அந்த எழுத்துக்கு லீனியர் பி என்று பெயர். அது அரண்மனை எழுத்தர் சிலருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அரண்மனை எரிந்தது, எழுத்தர்கள் போனார்கள், கிரேக்க நிலத்தில் பல நூற்றாண்டுகள் எழுத்தே இல்லாமல் போனது. 1952 இல் மைக்கல் வென்ட்ரிஸ் படிக்கும் வரை அந்தத் தகடுகள் பேசவில்லை. சிந்துவெளி எழுத்து இன்றுவரை பேசவில்லை.

ஒரே இடத்தில் வைத்த அறிவுக்கு என்ன நேரும் என்று யாழ்ப்பாணத்தவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1981 இல் நமது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின.

யாருக்கு எவ்வளவு கடன், எந்த மீனவர் எந்த நாளில் காசு கேட்பார், வங்கிக் கடவுச்சொல் என்ன என்பதை இன்னொருவர் அறிந்திருக்க வேண்டும். எழுதிய பிரதி கடைக்கு வெளியே இருக்க வேண்டும்.

இலாபம் வருகிறது. எல்லாம் சரிதானே?

கொப்பியில் வராத எதையாவது தின்று அந்த இலாபம் வருகிறதா என்று பாருங்கள்.

சுமேரியர் மெசொப்பொத்தாமியாவில் ஆற்றுநீரைப் பாய்ச்சிப் பொன் விளைவித்தார்கள். வடிகால் போதவில்லை. நிலத்தடி நீர் மேலே வந்து ஆவியாகி உப்பை மட்டும் விட்டுப்போனது. கோதுமை தேய்ந்து, உப்பைத் தாங்கும் பார்லி கூடியது. பிறகு பார்லி விளைச்சலும் விழுந்தது. ஒவ்வோர் ஆண்டும் அறுவடை நடந்துகொண்டே இருந்தது, உப்பும் சேர்ந்துகொண்டே இருந்தது.

நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதுதான் நமது கிணறு. துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் உடற்களைப்பே ஓர் எல்லை. மோட்டார் வந்ததும் அந்த எல்லை போனது. கரையோர ஊர்களில் என் சிறுவயதில் நன்னீராக இருந்த கிணறுகள் சில இன்று சவர். அள்ளிக் குடித்துப் பார்த்தால்தான் தெரியும். கண்ணுக்கு அதே தெளிந்த நீர்தான்.

உங்கள் கடையில் அந்தக் கிணறு எது? பெரும்பாலும் வேலை செய்யும் ஆட்கள். பத்து ஆண்டுகள் அனுபவமுள்ள ஒருவர் மேலதிக நேரக் காசு இல்லாமல் இரவு ஒன்பது வரை நிற்கிறார் என்றால், அது உங்கள் இலாபத்தில் இருக்கிறது, அவருடைய கணக்கில் இல்லை.

2022 பொருளாதார நெருக்கடி போன்றதை யாரால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது? படித்து என்ன பயன்?

நாளைச் சொல்ல முடியாது. உகாரித் மன்னன் சைப்பிரஸ் மன்னனுக்கு எழுதிய ஒரு களிமண் கடிதம் கிடைத்திருக்கிறது. எதிரிக் கப்பல்கள் வந்து ஊர்களை எரிக்கின்றன. என் படை முழுவதும் ஹிட்டைட் நாட்டில் நிற்கிறது. கப்பல்கள் எல்லாம் லுக்காவில் (இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கரை) நிற்கின்றன என்று அதில் முறையிடுகிறான். வந்தவை ஏழு கப்பல்கள் என்று எழுதுகிறான். ஏழு! கரையில் ஏதாவது ஒரு பகுதியைக் கையிருப்பாக வைத்திருந்தால் அந்த ஏழு கப்பல்களையாவது எதிர்த்திருக்கலாம்.

2006 இல் குடாநாட்டுக்கு வரும் ஏ9 பாதை மூடியபோது எந்தக் கடைகள் நின்றன என்று நான் பார்த்தேன். பெரிய கடைகள்தான் நின்றன என்று சொல்ல முடியாது. கடனில்லாமல் சரக்கு வைத்திருந்தவர்கள் நின்றார்கள். யாரை ஊர் நம்பிக் கடன் கொடுத்ததோ அவர்களும் நின்றார்கள்.

இன்னும் ஒன்று: நட்டத்தை நட்டம் வருமுன் பங்கிடலாம். நயினாதீவில் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி, அதாவது பிறநாட்டு, வணிகருக்குப் பாதுகாப்புத் தருவதாக அது சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் பாதிக்குப் பாதி. கப்பல் உடைந்த பிறகு கரையில் நின்று சண்டை பிடிக்க இடமில்லை. நீங்கள் கொழும்புக்கு அனுப்பும் வெங்காயம் வழியில் அழுகினால் யார் எவ்வளவு தாங்குவது என்று லொறிக்காரரோடு எழுதியிருக்கிறீர்களா? நான் கேட்டவர்களில் பலர் இல்லை என்றார்கள்.

மத்திய அமெரிக்காவின் மாயர்கள் முழுவதுமாக அழிந்துவிட்டார்கள் அல்லவா?

இல்லை. திக்கால் போன்ற நகரங்கள் விழுந்தன; அங்கே கடைசித் தேதியிட்ட கல் 869 ஆம் ஆண்டுக்குரியது. மாய மொழி பேசும் இலட்சக்கணக்கான மக்கள் இன்றும் வாழ்கிறார்கள்.

ஒரு கிளையை மூடினால் ஊர் என்ன சொல்லும்? சுருங்குவது தோல்வி இல்லையா?

ஊர் ஆறு மாதம் பேசும். கிழக்கு உரோம அரசு ஏழாம் நூற்றாண்டில் எகிப்தை இழந்தது. தலைநகரின் தானியமே அங்கிருந்துதான் வந்தது. இலவசத் தானியம் வழங்குவதை 618 இல் நிறுத்தினார்கள். நகரம் சுருங்கியது, நிர்வாகம் எளிமையானது. அப்படிச் சுருங்கிய அரசு 1453 வரை நின்றது. மேற்கு உரோமமோ பழைய செலவைக் குறைக்க மனமின்றி 476 இல் முடிந்தது என்று சொல்வது கொஞ்சம் அதிகம். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் சுருங்கத் தெரிந்தவன் சுருங்கிய பிறகும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தான் என்பது உண்மை.

மூடும்போது ஆட்களுக்குரிய ஊழியர் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் முழுமையாகக் கொடுத்துவிட்டு மூடுங்கள். ஊர் அதையும் பேசும்.

எனக்கு 71 வயது. பிள்ளைகள் மூவரும் கனடாவில். இனி இதையெல்லாம் யாருக்காகச் செய்வது?

ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்டவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. கஸ்தூரியார் வீதியிலிருந்து சுன்னாகம் வரை இதே கேள்விதான். வாரிசு இரத்தத்தில்தான் வர வேண்டும் என்று எந்தக் கல்லிலும் எழுதவில்லை. உங்களிடம் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்யும் அந்தப் பிள்ளைக்குச் சரக்கு எடுக்கும் இடம் தெரியும், கடன்காரரின் முகம் தெரியும். அவளுக்குப் பங்கு கொடுத்துக் கடையை நடத்தலாமா என்று கனடாவில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சம்மதிப்பார்கள் என்றே நினைக்கிறேன். வியாழக்கிழமை பின்னேரம் வருகிறேன். ஐந்து ஆண்டு ஐந்தொகைகளையும் கடன் கொப்பியையும் எடுத்து வையுங்கள். அவளுக்கும் ஒரு கதிரை போட்டு வையுங்கள்.